கம்பை விடச் சொல்லுங்க

"ஹலோ... ஹலோ... ஆமா, ஆர்லெத்தான் பேசுறேன்... யாரு?... செத்த மெதுவாப் பேசுங்க, ஒண்ணும் வெளங்கல... போலகம் மில்லா? மீரா சாகிப் பாயா? சொல்லுங்க பாய்... ஆமா ஆமா, தங்கையன் அய்யாவுக்கு இன்னிக்குத்தான் முறை. கெளம்பிட்டாங்களா?... என்னது?... எங்க நிக்கிறாரு?"

கையில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தை எங்கே வைக்கிறோம் என்று பாராமல் டெலிபோன் மேசையின் விளிம்பில் வைத்தாள் ஆர்லெத். அது சரிந்து, அவள் அப்பா அடுக்கி வைத்திருந்த பிரெஞ்சுப் பத்திரிகைகளின் மேல் கவிழ்ந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதற்காக அப்பாவிடம் ஒரு திட்டு வாங்கியிருப்பாள். இன்றைக்கு அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"பாலத்துலயா? அந்தத் தென்னைமரப் பாலத்துலயா?... தனியாவா?... கருப்பையன் எங்க பாய்? கருப்பையன்தானே தூக்கிட்டு வருவாரு?... ஓ, அவர் வர்றதுக்கு முன்னாடியே இவரா ஏறிட்டாரா... தெய்வமே."

போலகத்துத் தங்கையனுக்குப் போன அறுவடையின்போது பக்கவாதம் வந்தது. களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த மனுஷன் நின்ற நிலையிலேயே சாய்ந்தார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. கூடவே பேச்சும் போயிற்று. மற்றவர்கள் மெதுவாக, சுருக்கமாகச் சொன்னால் புரியும், திருப்பிச் சொல்லத்தான் வாய் வராது. சம்மதம் என்றால் ஒரு 'ம்', கோபம் என்றால் அதே 'ம்' கொஞ்சம் உரக்க, அவ்வளவுதான் அவருடைய பாஷை. ஊரில் புறா ரத்தம் தேய்த்துப் பார்த்தார்கள், தைலம் காய்ச்சி ஊற்றிப் பார்த்தார்கள். கடைசியில் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருக்கிற 'கால் டாக்டரம்மா'விடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். டாக்டர் இல்லை, வாதம் வந்தவர்களுக்கு நடை பழக்குகிறவள் என்று ஆர்லெத் தொண்டை வற்றச் சொல்லியும் யாரும் காதில் வாங்குவதாயில்லை. பிரான்சுக்குப் போய் அந்தப் படிப்பைப் படித்துவிட்டு, அங்கே கிடைத்த வேலையையும் உதறிவிட்டு வந்து, அப்பா ஆர்மானின் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனில் கட்டிய வீட்டுக் கூடத்தில், பிடித்து நடக்க இரும்புக் குழாய்களை நட்டு வைத்திருக்கிறாளே, இவளுக்குப் புத்தி மட்டு என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வதும் உண்டு.

"பாய், கேளுங்க. அங்க எத்தன பேர் கத்துறாங்க? எனக்கு இங்க வரைக்கும் கேக்குது... எல்லாரையும் வாயை மூடச் சொல்லுங்க. ஆமா, எல்லாரையும்தான். ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா அவருக்கு ஒண்ணும் ஏறாது, கலங்கிப் போயிடுவாரு. நீங்க ஒருத்தர் மட்டும் பேசுங்க. ஜன்னல்லேர்ந்து பேசுனா கேக்கும்ல?... கேக்கும். சரி. போனை மட்டும் வச்சிராதீங்க. என்ன ஆனாலும் வச்சிராதீங்க பாய்."

அந்தப் பாலத்தை ஆர்லெத் கண்ணால் பார்த்ததில்லை. தங்கையனின் மனைவி குஞ்சம்மா வாரா வாரம் வந்து புலம்பிப் புலம்பி அவளுக்கு அது மனப்பாடம். தெருவுக்கும் பஸ் போகிற ரோட்டுக்கும் நடுவே வாய்க்கால். வாய்க்காலுக்குக் குறுக்கே இரண்டு தென்னை மரங்களைச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். ரோட்டுப் பக்கம் இறங்கினால் பாயின் ரைஸ் மில், மில் வாசலில் பஸ் நிற்கும். வண்டிப் பாலத்துக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டுமென்றால் மாட்டு வண்டி வேண்டும், அரைப் பொழுது வேண்டும். அதனால் வியாழக்கிழமை தோறும் மில்லில் மூட்டை தூக்குகிற கருப்பையன் வந்து, தங்கையனை முதுகில் ஏற்றிக்கொண்டு, மரத்தின் மேல் நடந்து, பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டுப் போவான். இது ஆவணி மாதம். வாய்க்காலில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போகும்.

"எது வரைக்கும் வந்திருக்காரு?... நட்ட நடுவுலயா? அசையாம நிக்கிறாரா, ஆடுறாரா?... காலு நடுங்குதா? எந்தக் காலு?... சரி, சரி. கம்பு கையில இருக்குல்ல? இடது கையில?... அப்பாடா."

நடுவரைக்கும் வந்துவிட்டார் என்பதே அவளுக்கு நம்ப முடியவில்லை. நம்பியதும் சந்தோஷப்பட முடியவில்லை. ஏனென்றால் அவரை அந்த மரத்தில் ஏற்றிவிட்டது வேறு யாரும் இல்லை, அவள்தான். கூடத்தில் தரையோடு தரையாக ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் அவரை நடக்கவிட்டாள். முதல் நாள் பயந்தார், கால் வைக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினார். இவள் சும்மா இருந்திருக்கக் கூடாதா? சிரித்துக்கொண்டே, "இத உங்க ஊர் தென்னைமரப் பாலம்னு நெனைச்சுக்குங்க அய்யா, அந்தாண்ட நான் நிக்கிறேன், வாங்க" என்றாள். வந்தார். போன வாரம் ஒரு தடுமாற்றம் இல்லாமல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வந்துவிட்டார். அவளும் கையைத் தட்டி, "பாலத்தைத் தாண்டிட்டீங்க அய்யா, இனிமே கருப்பையன் வேணாம்" என்று சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொன்ன சொல் அது. இப்போது அந்த வாயைத் தைத்துவிடலாம் போல இருந்தது அவளுக்கு.

"பாய், அந்தப் பாலத்துக்கு ஒரு கைப்பிடி இருக்குன்னு குஞ்சம்மா சொல்லியிருக்காங்க. மூங்கில் கட்டியிருக்குல்ல?... இருக்குல்ல, அத ஏன் அவர் பிடிக்காம நிக்கிறாரு?... எந்தப் பக்கம்?... வலது பக்கமா? அவர் வர்றப்ப வலது பக்கமா? ஒரு பக்கந்தானா?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒரு பக்கம் மட்டும்தான் கைப்பிடி. அதுவும் வீட்டிலிருந்து ரோட்டுக்கு வரும்போது வலக்கைப் பக்கம். அவருடைய வலது கையோ தோளிலிருந்து தொங்குகிற வெறும் கை. நல்ல கையில் கம்பு, செத்த கைப் பக்கம் கைப்பிடி. இத்தனை வாரம் அந்தப் பாலத்தைப் பற்றிக் கேட்டவள் இந்த ஒன்றை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டாள். திரும்பிப் போகும்போதாவது கைப்பிடி நல்ல கைப் பக்கம் வரும், ஆனால் மரத்தின் மேல் அவரால் திரும்ப முடியாது. வாதம் வந்தவர்கள் நேரே நடந்துவிடுவார்கள், திரும்புகிற இடத்தில்தான் விழுவார்கள். இது அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

"யாரு அழறது?... குஞ்சம்மாவா? அவங்க எந்தப் பக்கம் நிக்கிறாங்க? அவருக்குப் பின்னாடியா?... பாய், அவங்க கூப்பிடக்கூடாது. பின்னாலேர்ந்து கூப்பிட்டா அவர் திரும்பிப் பாப்பாரு. தலை திரும்புனா ஆளே திரும்பிடுவாரு, அப்புறம் நிக்கவே முடியாது... ஐயோ, கத்தாதீங்க, கத்துனா இவரும் மெரண்டுடுவாரு. கையைக் காட்டுங்க. வாயில விரலை வச்சுக் காட்டுங்க... என்ன?... புடவைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டாங்களா... ஆமா, அப்புடியே இருக்கட்டும். மரத்துல மட்டும் ஏறிட வேணாம். ஏறினா மரம் ஆடும்."

வாசலில் வந்து நின்ற அப்பா என்ன என்று பிரெஞ்சில் கேட்டார். ஆர்லெத் கையை மட்டும் வீசினாள். அவர் மேசையில் வழிந்த எண்ணெயையும் மகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் உள்ளே போய்விட்டார்.

"கருப்பையன் வந்துட்டாரா? நல்லவேளை... இல்ல இல்ல, ஏற வேணாம். பாய், அவரை மரத்துல ஏற வேணாம்னு சொல்லுங்க... ஏன் வேணாமா? ரெண்டு பேர் பாரம்... பாய்? என்ன ஆச்சு?... பாய்?... ஹலோ?"

ரிசீவரில் இரைச்சல் மட்டும் வந்தது. ஒரு பெண் வீறிட்டது தூரத்தில் கேட்டது. ஆர்லெத் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்தாள். மாதா கோயிலுக்குப் போனால்கூட வீட்டில் கிடக்கிற வேலையெல்லாம் நினைவுக்கு வருகிறவள் அவள்.

"...ஆங், பாய்! நிக்கிறாரா? நிக்கிறாருல்ல?... கம்பை ஓங்குனாரா? கருப்பையனைப் பாத்தா?... ஓங்கினதுல ஆடிட்டாரா... சரி. இப்ப நிக்கிறாரு. சரி."

கருப்பையனைப் பார்த்ததும் அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று மில்லில் இருந்தவர்களுக்குப் புரிந்திருக்காது. ஆர்லெத்துக்குப் புரிந்தது. வாரா வாரம் முதுகில் ஏறி வந்து இறங்குகிற தங்கையன், இந்தக் கூடத்துக்குள் வந்த பிறகும் வெகு நேரம் தலை நிமிர மாட்டார். தெருவே பார்க்க ஒரு நெல் மூட்டையாய் வந்தோம் என்பது அவர் கழுத்தில் எழுதியிருக்கும். கருப்பையன் வருவதற்கு முன்னால் கிளம்பியது அதற்காகத்தான். அது அவளுக்கு இப்போதுதான் பிடிபட்டது.

"பாய், இப்புடிச் செய்யுங்க. கருப்பையனுக்கு நீச்சல் தெரியுமா?... அப்ப மரத்தைத் தொடாம, தள்ளிப் போயி தண்ணில எறங்கச் சொல்லுங்க. தண்ணி போற பக்கமா, அய்யாவுக்கு நேரா வந்து நிக்கட்டும். கையை நீட்ட வேணாம். அவர் மூஞ்சியைக்கூடப் பாக்க வேணாம். குளிக்க எறங்குனவன் மாதிரி நிக்கட்டும்... ஆமா. விழுந்தா மட்டும் பிடிக்கணும்."

விழுந்தா என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டோமே என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். விழுந்தால் என்ன ஆகும் என்று அவள் மனசு அதற்குள் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. ஒரு கை, ஒரு காலை வைத்துக்கொண்டு அந்த வேகத்தில் என்ன செய்வார்? தண்ணீரில் இருந்து இழுத்துப் போட்டாலும், இடுப்பெலும்பு மரத்தில் மோதி உடைந்தால் அப்புறம் படுக்கைதான். படுத்தவர் எழுந்திருக்க மாட்டார். இந்த வயதில் அப்படிப் படுத்து எழுந்தவர்களை அவள் பார்த்ததில்லை.

"காலு நடுக்கம் கூடுதா... ஆமா, கூடத்தான் செய்யும். நல்ல காலு மட்டும் எவ்வளவு நேரம் தாங்கும்? இனிமே நிக்க விடக்கூடாது பாய், அவர் நகரணும். இப்ப நான் சொல்றத அப்புடியே சொல்லுங்க. கம்பை விடச் சொல்லுங்க... ஆமா, கம்பைத்தான். தண்ணில போட்டுடச் சொல்லுங்க. கம்பு போனாத்தான் அந்தக் கை கைப்பிடிக்கு வரும்... தெரியும் பாய், எனக்குத் தெரியும், சொல்லுங்க."

ஜன்னல் பக்கம் திரும்பி அவர் குரல் கொடுப்பது ரிசீவருக்குள் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடியும் குரல். மறுபடியும் ஒன்றும் இல்லை.

"விட மாட்டேங்கிறாரா?... நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஆர்லெத் சொல்லுதுன்னு சொல்லுங்க... அதுக்கும் தலையை ஆட்டுறாரா..."

எப்படி விடுவார்? உயிரே போனாலும் கம்பை விடக்கூடாது, கம்புதான் உங்க மூணாவது காலு என்று நாள் தவறாமல் ஓதியது யார்? ஒருநாள் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசல்படி வரை வந்ததற்கு, வயசில் பெரியவர் என்றும் பாராமல் கடிந்துகொண்டது யார்? சொன்ன சொல்லைக் கற்றுக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இப்போது அவர் கண் எதிரில் மில்லுக்காரர் ஜன்னலில் நின்று, கம்பைத் தூக்கி எறி என்று கத்தினால், இந்த ஆளுக்கு என்ன தெரியும் என்றுதான் நினைப்பார். அவள் பெயரைச் சொன்னாலும் அவர் நம்பவில்லை. அவளே சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். மில்லுக்காரருக்குத் தெரியாத, அவளுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் அது அவளுக்கு உதித்தது.

"பாய்... பாய், கேளுங்க. நண்டுன்னு சொல்லுங்க... நண்டு. நண்டு பாய், கடல்ல இருக்குமே, அந்த நண்டு... எனக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன். அது எங்க பாஷை. வேற ஒண்ணும் சேக்காதீங்க, ஒரே சொல்லு. உரக்கச் சொல்லுங்க."

பேச்சு சட்டென்று ஏறாதவருக்கு நீளமாகச் சொன்னால் நடுவில் அறுந்துவிடும் என்பதால், பயிற்சிக்கெல்லாம் அவள் ஒற்றைச் சொல்லில் பெயர் வைத்திருந்தாள். ஒற்றைக் காலில் நின்றால் கொக்கு. குழாயைப் பார்த்துத் திரும்பி, நல்ல கையால் குழாயைப் பிடித்து, பக்கவாட்டில் ஒரு காலை வைத்து மற்றதை இழுத்துக்கொண்டு போனால் நண்டு. நண்டுக்குக் கம்பு கிடையாது. நண்டு என்று சொல்லிக்கொண்டே அவள் அவர் கையிலிருந்து கம்பை வாங்கிவிடுவாள். கடற்கரை ஊர்க்காரர், நண்டு நடையைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவர். அந்தப் பெயரைக் கேட்டால் அவருடைய கோணல் வாயில்கூடச் சிரிப்பு வந்துவிடும்.

"சொல்லிட்டீங்களா?... என்ன செய்யிறாரு?... ஜன்னலைப் பாக்கிறாரா? உங்களையா? ... இன்னொரு தடவ சொல்லுங்க. கோவமாச் சொல்லாதீங்க பாய், கூப்பிடுற மாதிரி சொல்லுங்க... அவர் என்ன..."

தண்ணீரில் ஏதோ விழுந்தது. அது அவளுக்கே கேட்டதா, பாய் கத்திய கத்தலில் அப்படித் தோன்றியதா என்று பிற்பாடு நினைத்துப் பார்த்தால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. டெலிபோன் வயர் இழுபட, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"விழுந்துட்டாரா?... பாய், விழுந்துட்டாரா? கருப்பையன் பிடிச்சாரா?... என்ன?... கம்பா? விழுந்தது கம்பா?... அவர்? அவர் எங்க?... பிடிச்சிட்டாரா. கைப்பிடியைப் பிடிச்சிட்டாரா... இடது கையால... ஆமா. ஆமா ஆமா. வயித்துக்குக் குறுக்க கையை விட்டு... ஆமா பாய், அதுதான்."

அவளுக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கக் கை இல்லை. ஆனால் அழுவதற்கு இது நேரமும் இல்லை. பாதி ஆபத்துதான் கழிந்திருந்தது. மரத்தின் மேல் அவர் உடம்பு இன்னும் கைப்பிடியைப் பார்த்துத் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தைத்தான் அவள் நினைக்கவும் பயந்தாள். கூடத்தில் அவள் இடுப்பில் துணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பாள். அங்கே பிடிக்க யாரும் இல்லை.

"ஒண்ணும் சொல்லாதீங்க பாய். இனிமே அவருக்குத் தெரியும். அவசரப்படுத்தாம விடுங்க. நீங்க எனக்கு மட்டும் சொல்லுங்க, மெல்ல... ம்... நல்ல காலைத் திருப்பிட்டாரா... ம்... அந்தக் காலு மாட்டிக்கிச்சா? கட்டை விரல் மாட்டுதா?... அது அப்புடித்தான், பாதம் தொங்கும். விடுங்க, இழுப்பாரு. இடுப்பைத் தூக்கி இழுப்பாரு... ம்... இழுத்துட்டாரா?... இழுத்துட்டாரா பாய்?... வந்திருச்சா."

அவளுக்கு எதிரே அந்த இரும்புக் குழாய்கள் வெறிச்சென்று நின்றன. அதைப் பார்த்துக்கொண்டே அவளும் தரையில் உட்கார்ந்தபடி தன் வலது பாதத்தை இழுத்தாள், இழுத்தாள். அவர் அங்கே நகர நகர இவள் இங்கே மூச்சைப் பிடித்தாள். மூங்கில் கட்டு அவிழ்ந்தால்? மழை பெய்து மரம் வழுக்கினால்? கருப்பையன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஏதாவது சொல்லித் தொலைத்தால்? ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி நடுங்கினாள். ரிசீவரில் பாய் பேச்சையே விட்டுவிட்டு ஏதோ ஓதுவது கேட்டது. இவள் குறுக்கே பேசவில்லை.

"...கரையா?... கரை வந்துருச்சா?... யாரும் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. அந்த வலது கையை மட்டும் தொட்டுடாதீங்க, தோளு எறங்கிடும். இடுப்பைப் பிடிங்க, இடுப்பை... ம்... மண்ணுல நிக்கிறாரா? ரெண்டு காலும் மண்ணுல இருக்கா?... பாய்... பாய், அழாதீங்க பாய். நீங்க அழுதா நான் என்ன பண்றது."

பெரிய மனுஷர், மில் வைத்திருப்பவர், போனில் குலுங்கி அழுதார். ஆர்லெத்தும் அழுதாள். ஆளுக்கொரு முனையில் அழுது தீர்த்த பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அவர உக்கார வச்சு, கொஞ்சம் தண்ணி குடுங்க. மெதுவா, ஒரு பக்கமாக் குடுங்க, பொரை ஏறும்... யாரு? குஞ்சம்மாவா? பாலத்தைத் தாண்டி வந்துட்டாங்களா? பேசணுமாமா? குடுங்க... அம்மா... ம்... ஆமாம்மா... ஆமாம்மா. ஏசுங்கம்மா, நான் கேட்டுக்கிறேன்... ஆமா, நான்தான் சொன்னேன்... பாலம்னு சொன்னேன், ஆமா. விளையாட்டுக்குச் சொன்னேம்மா... தப்புதான்... கம்பையும் துண்டையும் எடுத்துக்கிட்டுக் கெளம்பினாரா? நீங்க எங்கன்னு கேக்கலயா?... சரிதான், வாசப்படி தாண்டுறவங்கள எங்கன்னு கேக்கக்கூடாதுதான். கொல்லைக்குப் போறாருன்னு நெனைச்சுட்டீங்க. உங்க மேல ஒண்ணும் இல்லம்மா."

குஞ்சம்மா வாயைத் திறந்தால் ஒரு மூச்சில் நிறுத்த மாட்டாள். ஆர்லெத் அவளை முழுக்கப் பேசவிட்டாள். கரையில் நின்று புடவையை வாயில் திணித்துக்கொண்டு பார்த்தவளை இப்படி ஏசித் தீர்க்கவாவது விட வேண்டாமா?

"இனிமே அனுப்ப மாட்டீங்களா?... இல்லம்மா, நான் வற்புறுத்தல... நடக்க வேணாம், உயிரோட இருந்தாப் போதும். புரியுதும்மா... இல்ல, அழல."

அழத்தான் செய்தாள். அனுப்பாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நாளில் அந்தக் கால் விறைத்துக்கொள்ளும், பாதம் உள்ளுக்கு மடங்கும். அதன் பிறகு கட்டிலுக்கும் வாசலுக்கும்கூடக் கருப்பையனின் முதுகுதான். வந்த தூரமெல்லாம் வீண். அதைச் சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் சற்று முன்பு ஒரு மனுஷனைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தியவள், எந்த முகத்தோடு சொல்வது?

"சரிம்மா. நீங்க சொல்றதுதான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வண்டிப் பாலத்துப் பக்கமா, வண்டியில... என்னம்மா?... ஏன் நிறுத்திட்டீங்க?... அது என்ன சத்தம், பஸ்ஸா?... அவர் எங்க? உக்காந்துதானே இருந்தாரு?... எங்க போறாரு?... கம்பு ஏது?... பாயோட குடையா? யாரு குடுத்தது, அவரா எடுத்துக்கிட்டாரா?"

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் வாசல் பக்கம் பார்த்தாள். பார்த்து என்ன பயன்?

"கருப்பையனைத் தூக்கி விடச் சொல்லுங்க... தள்ளி விட்டுட்டாரா?... ஏறிட்டாரா? தானாவா?... எந்தக் காலை மொதல்ல வச்சாரு?... நல்ல காலை. ஆமா, ஏற நல்ல காலு, சொல்லியிருக்கேன்... அம்மா, நீங்க போனை விடுங்க, ஓடிப் போய் நீங்களும் ஏறுங்க. அவர் இங்கதான் வர்றாரு. ஓடுங்க... டிரைவர் வண்டிய எடுத்துட்டானா? போயிருச்சா? அவரு மட்டுமா?..."

ஆர்லெத் காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அம்மா, கேளுங்க. பஸ்லேர்ந்து எறங்கணும்ல? எறங்கும்போது நோவுக் காலை மொதல்ல வைக்கணும். நல்ல காலை வச்சா, அந்தக் காலு மடங்கிடும், குப்புற விழுந்துடுவாரு. அத நான் அவருக்கு இன்னும் சொல்லித் தரலம்மா. எறங்க இன்னும் சொல்லித் தரல... வைக்கிறேன். நான் போயி நிக்கணும். பஸ்ஸு வர்றதுக்குள்ள போயி நிக்கணும்."

ரிசீவரைப் போட்டுவிட்டு அவள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடினாள்.